9 மாசம் கடலுக்குப் போற பையனுக்கு வாட்டர்கலர் பாக்ஸ் எதுக்கு?

கேள்வி என்னன்னு முதல்ல சொல்லிடறேன். கேட்டவரோட அக்கா பையன் டெக் கேடட்டா, அதாவது கப்பல் ஆபீசர் ஆகப் பயிற்சி எடுக்கறவனா, முதல் கப்பல் ஏறப் போறான், 9 மாச கான்ட்ராக்ட். பெட்டில சேஃப்டி ஷூ, ஊறுகாய் பாட்டில் எல்லாத்துக்கும் நடுவுல ஒரு வாட்டர்கலர் செட்டும் ரெண்டு நோட்டும் சொருகி வச்சிருக்கான், பயணத்தை வரைஞ்சு வைக்கப் போறானாம். அவன் ஒண்ணும் பெரிய ஓவியன் இல்ல, ஸ்கூல்ல கத்துக்கிட்டதுதான், கையில போன் இருக்கு, அதுல கேமரா இருக்கு, இது வெட்டி வேலை இல்லையா, முன்னாடி கப்பல்காரங்க யாராச்சும் நிஜமாவே இப்படி செஞ்சிருக்காங்களான்னு கேட்டிருக்கார்.

நானும் டெக் சைடுதான், 20 வருஷத்துக்கு மேல ஓடிட்டு இப்ப கரையில உட்கார்ந்திருக்கேன், சுமாரா வரைவேன். சுமாரான்னா நிஜமாவே சுமாரா, என் மனைவி ஒருதரம் நான் போட்ட டக் போட்டை, அதான் கப்பலை இழுக்கற படகை, பார்த்துட்டு இது என்ன இட்லிக் குக்கரான்னு கேட்டிருக்கா. ஆனா இந்த விஷயத்தைப் பத்தி பல வருஷமா தேடித் தேடி படிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

வெட்டி வேலை இல்ல. ஒரு காலத்துல இது வேலையாவே இருந்தது. 1733-ல போர்ட்ஸ்மவுத்ல பிரிட்டிஷ் நேவி தன் பசங்களுக்கு அகாடமி திறந்தப்பவே பாடத்துல டிராயிங் உண்டு. பின்னாடி அங்கேயே 1811-லேர்ந்து 25 வருஷம் ஜான் கிறிஸ்டியன் ஷெட்கின்னு ஒரு கடல் ஓவியர் டிராயிங் மாஸ்டரா இருந்தார், அதுக்கப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ராணுவத்துக்கு ஆள் தயார் பண்ண அடிஸ்கோம்ப் காலேஜுக்குப் போயிட்டார். கலை ஆர்வத்துல கத்துக் குடுக்கல. ஜிபிஎஸ் இல்லாத காலம், தெரியாத கரையை நெருங்கறப்ப "இந்த மலை மேற்கே இருந்து பார்த்தா இப்படி இருக்கும், அந்தக் குன்று இதுக்குப் பின்னாடி மறையறப்ப நீ பாறைக்கு ரொம்ப கிட்ட வந்துட்டன்னு அர்த்தம்"னு அடுத்த கப்பலுக்கு சொல்லணும். அதை எழுத்துல சொல்ல முடியாது, வரைஞ்சாதான் ஆச்சு. கடல்லேர்ந்து தெரியற கரையோட கோட்டை நீட்டமா வரைஞ்சு, கீழே பேரிங் (எந்தத் திசையில தெரியுதுங்கிற கணக்கு), தூரம், தேதி எழுதுவாங்க. நான் கேடட்டா இருந்தப்ப பிரிட்ஜ்ல (கப்பலை ஓட்டற அறையில) கிடந்த பழைய பைலட் புக்ல, அதாவது கரையோரம் வழி சொல்ற புத்தகத்துல கூட அந்த மாதிரி படங்கள் இருந்துச்சு.

இதுக்கு வாட்டர்கலர் எவ்வளவு பொருத்தம்னு ஒருதரம் செஞ்சு பார்த்தா புரியும். ஒரே ஒரு சாம்பல் கலர் போதும். தூரத்து மலைக்கு தண்ணி நிறைய விட்டு ஒரு இழுப்பு, காயட்டும், அதுக்கு முன்னாடி இருக்கிற மலைக்கு கொஞ்சம் கெட்டியா இன்னொரு இழுப்பு, கிட்டத்துல இருக்கிற பாறைக்கு நல்ல அடர்த்தியா கடைசி இழுப்பு. மூணே இழுப்புல எது முன்னாடி எது பின்னாடின்னு பளிச்சுனு வந்துரும். ஆயில் பெயின்ட்ல இதை ஆடற கப்பல்ல நின்னு செய்ய சொல்லுங்க பார்ப்போம், காயறதுக்குள்ள அடுத்த துறைமுகமே வந்துரும்.

ஆக வேலைக்காக கத்துக்கிட்டாங்க. ஆனா கை பழகினவன் வாட்ச், அதாவது டியூட்டி நேரம், முடிஞ்சு சும்மா இருப்பானா? மலையை வரைஞ்ச அதே கையால பக்கத்துல நிக்கிறவனை வரைய ஆரம்பிச்சான். நமக்கு புதையல் அங்கதான்.

கேப்ரியல் ப்ரேன்னு ஒரு லெப்டினன்ட், 1774-75-ல எச்.எம்.எஸ். (பிரிட்டிஷ் நேவி கப்பல்னு அர்த்தம்) பல்லாஸ்ங்கிற கப்பல்ல மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனவர். அவரோட ஆல்பம் இப்ப லண்டன்ல கிரீனிச் கடல்சார் மியூசியத்துல இருக்கு, எழுபதுக்கும் மேல படங்கள். என்ன வரைஞ்சிருக்கார்னு நினைக்கிறீங்க? ஒரு மாலுமி காலையில தன் ஹாம்மக்கை (தொங்கற துணிப் படுக்கையை) சுருட்டித் தோள்ல போட்டுட்டு மேல ஏறி வர்றான். ஒருத்தன் பீரங்கி மேல சாஞ்சு நிக்கிறான். 1775 ஜனவரில செனகல்ல நங்கூரம் போட்டு நிக்கிறப்ப ஒரு மரைனும் (கப்பல்ல இருக்கிற சிப்பாய்) ஒரு மாலுமியும் நங்கூரத்து மேல உட்கார்ந்து தூண்டில் போடறாங்க. அவ்வளவுதான். சண்டை இல்ல, கொடி இல்ல, சூறாவளி இல்ல. ஆனா அந்தக் காலத்து சாதாரண மாலுமி, நிஜமா எந்த மாதிரி சட்டை போட்டான், கால்ல செருப்பு இருந்துச்சா, சும்மா இருக்கிற நேரத்துல உடம்பை எப்படி வச்சிருந்தான்னு தெரியணும்னா இன்னிக்கும் ஆராய்ச்சி பண்றவங்க இந்த மனுஷனோட ஆல்பத்துக்குத்தான் வர்றாங்க. காசு குடுத்து கூட்டிட்டுப் போன ஓவியன் ராஜாவையும் துறைமுகத்தையும் கேப்டனையும் வரைவான், அவனுக்கு குடுத்த வேலை அது. ஹாம்மக் தூக்கிட்டு வர்றவனை யாரும் ஆர்டர் குடுத்து வரையச் சொல்ல மாட்டாங்க. அமெச்சூர் ஒருத்தன்தான் அதை வரைவான், ஏன்னா அவன் கண்ணு முன்னாடி தினமும் இருக்கிறது அதுதான்.

கையெழுத்து மாதிரி இந்த ஆளுங்களுக்கு ஒரு பாணி இருக்கும், மனுஷங்களோட கை எப்பவும் சரியா வராது, குதிரை வரைஞ்சா நாய் மாதிரி இருக்கும், ஆனா கப்பலோட கயிறு ஒண்ணு கூட தப்பாது. பிழைப்பு அந்தக் கயித்துலதானே.

இன்னொருத்தர் எட்வர்ட் ஃபான்ஷா, எச்.எம்.எஸ். டாஃப்னி கேப்டன், 1849-லேர்ந்து 1852 வரைக்கும் பசிபிக் பூரா சுத்தினார். 1849 ஆகஸ்ட்ல பிட்கெய்ர்ன் தீவுக்குப் போறார். பவுண்டி கப்பல் கலகம் கேள்விப்பட்டிருப்பீங்க, கலகக்காரங்க தாஹிதிப் பெண்களைக் கூட்டிட்டுப் போய் 1790-ல ஒளிஞ்சுக்கிட்ட தீவு. ஃபான்ஷா போறப்ப அந்த முதல் கூட்டத்துல உயிரோட இருந்தது ஒரே ஒரு கிழவி, சூசன் யங்னு கூப்பிடுவாங்க. அவங்களை உட்கார வச்சு வரைஞ்சார், தேதி போட்டு பேர் எழுதி வச்சார். அடுத்த வருஷம் அந்தம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அன்னிக்கு அந்தக் கேப்டனுக்கு மூடு இல்லாம, இல்ல மழை பெஞ்சிருந்து வரையாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

பிரான்சிஸ் மெய்னெல்னு ஒரு இளம் லெப்டினன்ட், எச்.எம்.எஸ். அல்பட்ராஸ். 1845-ல ஆப்பிரிக்கக் கரையோரம் ஒரு அடிமை வியாபாரக் கப்பலைப் பிடிக்கிறாங்க, இவர் கீழ்த் தட்டுல இறங்கிப் பார்த்ததை வாட்டர்கலர்ல போட்டிருக்கார். அரை இருட்டு, மேலேயிருந்து கொஞ்சம் வெளிச்சம், பீப்பாய்க்கும் மூட்டைக்கும் மேல அந்த மனுஷங்க படுத்தும் உட்கார்ந்தும் கிடக்கிறாங்க. அடிமைக் கப்பலோட படம்னு நாம வழக்கமா பார்க்கிறது மேலேயிருந்து பார்த்த மாதிரி வரிசையா ஆளை அடுக்கின பிளான் வரைபடம். அது வாதாடறதுக்காக அச்சடிச்சது. மெய்னெல் போட்டது நேர்ல நின்னு பார்த்தவனோட படம், பெரிய வித்தியாசம் அது.

நம்ம பக்கமும் இந்த வழக்கத்துக்கு வெளியில இல்ல. மெட்ராஸ்ல அப்போ ஹார்பர் கிடையாது, கப்பல் தூரத்துல நிக்கும், பயணிகளை மசூலா படகுல ஏத்தி அலையைத் தாண்டி கரைக்குக் கொண்டுவருவாங்க. ஆணியே இல்லாம பலகையை தென்னங்கயிறால தச்ச படகு. ஆறு மாசம் ஆப்பிரிக்காவோட தெற்கு முனையைச் சுத்தி வந்த வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் ஸ்கெட்ச்புக்ல தவறாம போடற காட்சி அதுதான், மசூலாவும் கட்டுமரமும். பாதி பேர் கட்டுமரத்தை ஏதோ மரக்கட்டை மிதக்கிற மாதிரி போட்டிருப்பாங்க, ஆனா தலையில கூம்புத் தொப்பி மாதிரி வச்சு அதுக்குள்ள லெட்டரை நனையாம சொருகிட்டு வர்ற கட்டுமரக்காரரை மட்டும் விட்டிருக்க மாட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ் சிரியஸ். ஆஸ்திரேலியாவுக்கு கைதிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் கூட்டம் 1787-ல கிளம்பினது, அதுல எச்.எம்.எஸ். சிரியஸ்ல ரெண்டு பேர் வரைஞ்சாங்க, லெப்டினன்ட் வில்லியம் பிராட்லி, மிட்ஷிப்மேன் (அந்தக் காலத்துக் கேடட்) ஜார்ஜ் ரேப்பர். ரேப்பர் சின்னப் பையன், கிட்டத்தட்ட உங்க மருமகன் வயசுதான் இருக்கும். 1790 மார்ச் 19, நார்ஃபோக் தீவுல சிரியஸ் பவளப்பாறைல மோதி உடைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் தப்பிச்சு தீவுல மாட்டிக்கிட்டாங்க, கிட்டத்தட்ட 11 மாசம். ரெண்டு பேருமே அந்த உடைஞ்ச கப்பலை வரைஞ்சிருக்காங்க. ஒரே சம்பவம், ரெண்டு சாட்சி, ரெண்டு படம். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா கப்பல் எந்தப் பக்கம் திரும்பி நின்னது, கரைக்கு எவ்வளவு கிட்ட, ஆளுங்களை எப்படி கயித்துல கட்டி இழுத்தாங்கன்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோர்ட்ல ரெண்டு சாட்சியை தனித்தனியா கூப்பிட்டு விசாரிக்கிற மாதிரி.

அதைவிடப் பெருசு ஒரு கோழி. லார்டு ஹோவ்னு ஒரு தீவு, 1788-ல இதே கூட்டத்துக் கப்பல் ஒண்ணு கண்ணுல பட்டது. அங்க நம்ம ஊர் நீலத் தாழைக்கோழி மாதிரி ஒரு பறவை, ஆனா வெள்ளை. மனுஷனையே பார்த்ததில்லை, பயம் தெரியாது, போற வர்ற கப்பல்காரன் எல்லாம் குச்சியால அடிச்சே பிடிச்சுத் தின்னுட்டான். 1834-க்குள்ள ஒண்ணு கூட இல்ல. இன்னிக்கு உலகத்துல அதோட தோல் ரெண்டே ரெண்டு இருக்கு, ஒண்ணு வியன்னாவுல, ஒண்ணு லிவர்பூல்ல. ரெண்டு தோலை வச்சு என்ன சொல்ல முடியும்? எல்லாமே வெள்ளையா, சிலது நீலமா, கலந்து இருந்துச்சா? அதுக்கு ஆதாரம் உயிரோட பார்த்தவங்க எழுதினதும், ரேப்பர் மாதிரி ஆளுங்க போட்ட வாட்டர்கலரும்தான். ஒரு கேடட் பையன் பொழுதுபோக்கா போட்ட படம் 200 வருஷம் கழிச்சு பறவை ஆராய்ச்சிக்காரங்க மேஜைல ஆதாரமா கிடக்குது. (இதே காலத்துல 1792-ல பவுண்டி கலகத்துல கப்பலைப் பறிகொடுத்த அதே கேப்டன் ப்ளை டாஸ்மேனியாவுல எக்கிட்னாவை, அதான் அந்த முள் எறும்புத்தின்னியை வரைஞ்சார். வரைஞ்சுட்டு வறுத்து சாப்பிட்டு ருசியா இருந்துச்சுன்னும் எழுதி வச்சிருக்காங்க. ரெக்கார்டுன்னா முழுசா இருக்கணும்ல.)

சரி, கேமரா இருக்கிறப்ப எதுக்குன்னு கேட்டீங்களே. இந்தக் கேள்வி 1872-லயே வந்தாச்சு. எச்.எம்.எஸ். சேலஞ்சர், கடலையே ஆராயறதுக்குன்னு கிளம்பின கப்பல், 1872 டிசம்பர்ல போர்ட்ஸ்மவுத்ல கிளம்பி 1876 மே மாசம் திரும்பினது, 68,890 நாட்டிக்கல் மைல். அதுல போட்டோகிராபர் இருந்தார், அதிகாரபூர்வ ஓவியரும் இருந்தார். முதல் போட்டோகிராபர் கேப் டவுன்ல கப்பலை விட்டு ஓடியே போயிட்டார், பயணம் முடியறதுக்குள்ள மொத்தம் மூணு பேர் மாறினாங்க. இவங்களுக்கு நடுவுல பெஞ்சமின் ஷெப்பர்டுன்னு ஒருத்தர், கப்பலோட கூப்பர், அதாவது பீப்பாய் செய்யறவர். ஆபீசர் கிடையாது, டிராயிங் மாஸ்டர்கிட்ட படிச்சவர் கிடையாது. இவர் தன் பாட்டுக்கு ஒரு ஸ்கெட்ச்புக்ல வாட்டர்கலர் போட்டுக்கிட்டே வந்தார். நூறு வருஷம் கழிச்சு 1972-ல அது புத்தகமாவே வந்துச்சு. போட்டோ எல்லாம் கருப்பு வெள்ளை, கப்பல் ஆடாம நிக்கணும், ஆளு அசையக் கூடாது. 1874 பிப்ரவரில சேலஞ்சர் அன்டார்டிக் வட்டத்தைத் தாண்டினது, நீராவிக் கப்பல்ல முதல்ல தாண்டினது அதுதான். அந்தப் பனிப்பாறைங்க எல்லாம் அந்தக் கால போட்டோல வெறும் வெளுப்பா நிக்கும், பீப்பாய்க்காரர் கையில கலர் இருந்துச்சு.

இவ்வளவு புகழ்ந்துட்டேன், இப்ப மறுபக்கம். இந்தப் படங்கள் பொய்யும் சொல்லும். நிறைய ஆல்பம் ஸ்பாட்ல போட்டது இல்ல, ஊருக்கு வந்து சொந்தக்காரங்களுக்குக் காட்டறதுக்காக நல்ல பேப்பர்ல திரும்ப அழகா எழுதி வரைஞ்சது. முதல் கப்பல் கூட்டத்துல ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பார்த்து காப்பி அடிக்கறது சர்வ சாதாரணம், அதனால ஒரே பறவை மூணு பேர் ஆல்பத்துல இருந்தா மூணு பேரும் பார்த்தாங்கன்னு அர்த்தம் இல்ல. தேதிலயும் ஒரு வில்லங்கம் உண்டு, 1805 வரைக்கும் பிரிட்டிஷ் நேவி லாக்ல (கப்பலோட தினக் குறிப்புல) நாள் நடுப்பகல்ல ஆரம்பிச்சு அடுத்த நடுப்பகல்ல முடியும், அதனால சாயந்திரம் நடந்த விஷயம் லாக்புக்ல அடுத்த நாள் தேதில இருக்கும். படத்துல ஒரு தேதி, லாக்ல ஒரு தேதின்னு பார்த்து குழம்பி நான் ஒரு வாரம் மண்டையை உடைச்சிருக்கேன்.

கலர் விஷயத்துல இன்னும் மோசம். பழைய வாட்டர்கலர்ல கார்மைன், கிரிம்சன் லேக் மாதிரி சிவப்பெல்லாம் வெளிச்சத்துல ஓடிப் போயிரும். இண்டிகோவும் அப்படித்தான். புயல் மேகத்துக்கு அப்ப எல்லாரும் இண்டிகோவோட இந்தியன் ரெட்டைக் கலந்து சாம்பல் கலர் பண்ணுவாங்க, அருமையா இருக்கும். இந்தியன் ரெட் இரும்பு ஆக்ஸைடு, கல்லு மாதிரி நிக்கும். இண்டிகோ வெளுத்துரும். அப்ப என்ன மிஞ்சும்? பயங்கரப் புயல் வானம் இன்னிக்கு பார்த்தா ரோஸ் கலர்ல சூரிய உதயம் மாதிரி இருக்கும்! ஆஹா எவ்வளவு அழகான சாயந்திரம்னு நாம சொல்லிட்டு இருப்போம், வரைஞ்சவன் உயிரைக் கையில பிடிச்சிட்டு இருந்திருப்பான். 1888-ல ரஸ்ஸல், ஆப்னின்னு ரெண்டு விஞ்ஞானிங்க பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக ஒவ்வொரு கலரா வெயில்ல வச்சு சோதிச்சு ரிப்போர்ட் குடுத்தாங்க. அதுல தெரிஞ்ச ஒரு விஷயம், காத்தும் ஈரமும் இல்லாம இருந்தா வெளுக்கறது ரொம்பக் குறையும். கடல் பயண ஆல்பங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், பிரேம் போட்டு சுவத்துல மாட்டாம புத்தகமா மூடியே கிடந்ததால நிறைய படம் தப்பிச்சுது.

கலரை நம்ப முடியாதுங்கிறதுக்கு ஒரு வழி எட்வர்ட் வில்சன்கிட்ட இருக்கு. டாக்டர், ஓவியம் தானா கத்துக்கிட்டது. 1901-ல டிஸ்கவரி கப்பல்லயும், 1910-ல டெர்ரா நோவாவுலயும் பயணத் தலைவர் ஸ்காட்டோட அன்டார்டிகா போனவர். அங்க வெளியில தண்ணியைத் தொட்டு வரைய முடியாது, உறைஞ்சு போயிரும். கையுறையைக் கழட்டினா விரல் சில நிமிஷத்துல மரத்துப் போகும். அதனால பென்சில்ல வேகமா கோடு, அது மேலேயே இந்த இடம் இந்தக் கலர், அங்க இன்னும் கொஞ்சம் மஞ்சள்னு குறிப்பா எழுதிக்குவார். திரும்ப வந்து குளிர்காலம் பூரா விளக்கு வெளிச்சத்துல உட்கார்ந்து அந்தக் குறிப்பை வச்சு கலர் போடுவார், வானத்துல தெரிஞ்ச ஒளிவட்டப் படங்கள்ல தேதியோட மணியும் போட்டிருப்பார். 1902-03 தெற்குப் பயணத்துல நாள் பூரா பனியைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சு கண்ணு எரிஞ்சு பார்வையே போற மாதிரி ஆயிருக்கு. 1912 ஜனவரில தென்துருவத்துக்குப் போய் நார்வேக்காரர் ஆமுண்ட்சென் முன்னாடியே வந்து நட்டு வச்சிருந்த கூடாரத்தைப் பார்த்தப்ப கூட நின்னு வரைஞ்சார், பென்சில்லதான். திரும்பற வழியில செத்துப் போனாங்க, உடம்போட அந்த ஸ்கெட்ச்புக்கும் கிடைச்சுது. கலரைக் கண்ணால பார்த்தவுடனே வார்த்தையா மாத்தி வைக்கணும்ங்கிற அந்த ஒரு பழக்கத்தை உங்க பையன் எடுத்துக்கிட்டா போதும், மத்த டெக்னிக் எல்லாம் அப்புறம்.

ஏன்னா இதுல நானே மாட்டியிருக்கேன். இந்துமாக் கடல்ல ஒரு காலைல டெக் ரவுண்ட் போறப்ப ராத்திரி வந்து விழுந்த பறவைக்கோலா மீன் (பறக்கும் மீன்) ஒண்ணு ஹேட்ச் ஓரமா துடிச்சுட்டு இருந்துச்சு. முதுகு ஒரு நீலம், அந்த நீலத்தை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல, உள்ள பச்சை ஓடுது, வயிறு வெள்ளி. ஓடிப்போய் கேபின்லேர்ந்து பாக்ஸ் எடுத்துட்டு வந்து, தண்ணி எடுத்து, பேப்பர் விரிச்சு, உட்கார்ந்து பார்த்தா மீன் சாம்பல் ஆயிருச்சு. அஞ்சு நிமிஷம் கூட ஆகல. நீலத்தை நினைவுலேர்ந்து போட்டேன், பிளாஸ்டிக் வாளி மாதிரி வந்துச்சு. இப்ப அந்தப் பக்கத்தைப் பார்த்தா மீன் ஞாபகம் வரல, வாளிதான் வருது. "மயில் கழுத்து, ஆனா இன்னும் இருட்டு, ஓரத்துல பச்சை"ன்னு பென்சில்ல அங்கேயே ஒரு வரி கிறுக்கியிருந்தா இன்னிக்கு அந்த மீன் என்கிட்ட இருந்திருக்கும். பூமத்திய ரேகை பக்கம் சூரியன் மறையறதும் அப்படித்தான், பொத்துனு விழும், மேகத்தோட வடிவத்தைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள கலர் மூணு தரம் மாறியிருக்கும்.

இன்னொரு தப்பு, அவசரத்துல வாளில இருந்த கடல் தண்ணியைத் தொட்டு வரைஞ்சது. காய்ஞ்சா பொடிப் பொடியா உப்பு பூத்து அழகா பனி விழுந்த மாதிரி இருக்கும், நானே அசந்துட்டேன். ஆனா உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், பேப்பர் காயவே காயாது, ரெண்டு மாசத்துல அந்த நோட்ல பூஞ்சை பிடிச்சு பக்கத்துப் பக்கத்தையும் தின்னுடுச்சு. குடிக்கிற தண்ணி சின்ன பாட்டில்ல எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க. மான்சூன்ல டெக்ல ஒரு கலர் இழுப்பு காய அரை மணி நேரம் கூட ஆகும், கேபினுக்குள்ள ஏசி காத்துல ரெண்டு நிமிஷம், அதனால வெளியில பென்சில், உள்ள கலர்ங்கிற வில்சன் முறைதான் நமக்கும் நடைமுறைக்கு ஒத்து வரும், குளிருக்கு பதிலா புழுக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன் பத்தி ஒண்ணு சொல்லணும். தம்பிக்கு டேங்கர் கிடைச்சா டெக்ல சாதாரண போன் எடுத்துட்டுப் போகவே கூடாது, கேஸ் இருக்கிற இடம், தீப்பொறி அபாயம். பென்சிலுக்கு அந்தத் தடை இல்ல. பல்க் கேரியரோ கன்டெய்னரோ கிடைச்சு போன்ல எடுத்தாலும் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், என் கடைசி கான்ட்ராக்ட்ல 4000 போட்டோ எடுத்திருக்கேன், திறந்து பார்த்தது 40 இருக்குமா தெரியல. வரைஞ்சது 31 பக்கம், ஒவ்வொண்ணுலயும் அன்னிக்கு காலைல என்ன டிபன், யாரு என்ன திட்டினாங்க, எந்தப் பக்கம் காத்துன்னு இப்பவும் சொல்லுவேன். 20 நிமிஷம் ஒரே இடத்தை முறைச்சுப் பார்த்தா மண்டையில ஏறாம என்ன செய்யும்.

சாமான் விஷயத்துல ரொம்ப அலட்டிக்க வேண்டாம். 1780 வாக்குல லண்டன்ல ரீவ்ஸ் சகோதரர்கள் கட்டி கலரா செஞ்சு வித்ததுக்கு அப்புறம்தான், அரைச்சுக் கலக்கற வேலை இல்லாம பெட்டியைத் தூக்கிட்டு கப்பல் ஏற முடிஞ்சது, அதுக்கு 1781-ல பரிசெல்லாம் குடுத்தாங்க. 1830கள்ல வின்சர் அன்ட் நியூட்டன் ஈரம் காயாத பான் கலர் (சின்னக் கிண்ணத்துல வர்றது) கொண்டு வந்தாங்க, 1846-ல டியூப். தம்பிக்கு 12 கலர் அரை பான் செட் ஒண்ணு, வட்ட பிரஷ் ரெண்டு போதும். கலர் வாங்கறப்ப வெளிச்சத்துல நிக்குமான்னு மட்டும் டப்பால பார்க்கச் சொல்லுங்க, அந்தச் சிவப்புக்கு நடந்த கதை இதுக்கும் நடக்கக் கூடாது. பேப்பர் மட்டும் 300 ஜிஎஸ்எம், காசைப் பார்க்காம நல்லதா வாங்குங்க, மெல்லிசு பேப்பர் கடல் காத்துல அப்பளம் மாதிரி நெளியும். நோட்டை ஜிப் கவர்ல போட்டு வைக்கணும். டப்பால தண்ணியை முழுசா ஊத்தக் கூடாது, கால்வாசிதான், கப்பல் எப்ப ரோல் ஆகும்னு சொல்ல முடியாது, சீஃப் ஆபீசரோட பேப்பர் மேல கொட்டினவன் ஒருத்தன் எழுதறான் இதை.

என்ன வரையணும்னு கேட்டா, கடலை வரைய வேண்டாம். கடல் எல்லாரும் வரைவாங்க. குக் மாவு பிசையறதை, பாஸ்ன் (டெக் ஆளுங்களோட தலைவர்) கயிறு பின்னறதை, வாட்ச் முடிஞ்சு வந்து மெஸ் ரூம்ல வாயைத் திறந்து தூங்கறவனை, ஹெல்மெட் மாட்டியிருக்கிற கொக்கியை, எல்லாரும் சேர்ந்து கழட்டிப் போட்ட பூட்ஸ் குவியலை வரையட்டும். கரை தெரிஞ்சா அந்த மூணு இழுப்புக் கணக்குல ஒண்ணு போட்டு, பேரிங்கும் நேரமும் எழுதி வைக்கட்டும், அதுல அவனுக்கு வேலையும் படியும், மேட், அதான் மேல இருக்கிற ஆபீசர், பார்த்தாலும் திட்ட மாட்டார். ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி, கப்பல் நேரம், லாட் லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை), அந்த இடத்துலயே போட்டதா கேபின்ல வந்து போட்டதான்னு ஒரு குறிப்பு. பேனா வேண்டாம், தண்ணி பட்டா மை ஓடும், பென்சில்தான்.

ஆனா ரெண்டு இடத்துல நோட்டைத் திறக்கவே கூடாது. ஒண்ணு வாட்ச்ல, லுக்அவுட்ல நிக்கிறப்ப கீழே குனிஞ்சு வரைஞ்சுட்டு இருந்தான்னா முதல் போர்ட்லயே ஊருக்கு டிக்கெட் போட்டுருவாங்க, அது நியாயமும் கூட. இன்னொண்ணு போர்ட்டுக்குள்ள. நிறைய துறைமுகத்துல போட்டோவும் கூடாது, ஸ்கெட்சும் கூடாது, பக்கத்துல போர்க்கப்பல் நின்னா சொல்லவே வேண்டாம். ஒரு துறைமுகத்துல கிரேனை வரைஞ்சதுக்கு என்னை ரெண்டு மணி நேரம் உட்கார வச்சு விசாரிச்சாங்க. கடைசில நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த செக்யூரிட்டி ஆள், இதுல எது கிரேன்னு கேட்டுட்டு விட்டுட்டார்.